கராஜ் குசினியின் சரித்திர முக்கியத்துவம்

மெல்பேர்னின் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கராஜ் இருந்தது. அதற்குள் கார் நின்றதை நான் ஒருநாளும் கண்டதில்லை. நான்தான் நின்றேன். பதினெட்டு வருசமாக அங்கே நின்றுதான் மீன் பொரித்தேன், இறால் குழம்பு வைத்தேன், கருவாடு வறுத்தேன். வீட்டுக்குள்ளும் ஒரு குசினி இருந்தது. அதில் தேத்தண்ணீர் போடலாம், சோறு வைக்கலாம், பருப்பு அவிக்கலாம். மணக்கிற எதுவும் அங்கே கூடாது.

இந்த அநியாயம் எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் முன்னறையில் வாசனை மெழுகுதிரி எரியும். பின்னால் கராஜில் ஒரு பெண் எரிந்துகொண்டிருப்பாள். வந்தவர்கள் முன்னறையில் இருந்துகொண்டு, "ஆ, நல்ல மணமாக் கிடக்கு, என்ன மெழுகுதிரி?" என்று கேட்பார்கள்.

எல்லாம் ஒரு கம்பளிக் கோட்டால் வந்தது. என் கணவர் சுவாம்பிள்ளைக்கு அப்போது மெல்பேர்ன் நகரத்துக்குள் ஒரு கொம்பனியில் கொம்பியூட்டர் வேலை. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர், வேதக்காரர். வெள்ளிக்கிழமையில் இறைச்சி இல்லை, மீன்தான். ஒரு திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "சுவாம், சனி ஞாயிறு கடலுக்குப் போனாயா?" என்று கேட்டானாம். இவர் முகம் கறுத்துப்போய் வந்தார். நடையில் கொளுவியிருந்த கறுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து மணந்து பார்த்தார். அந்தக் கிழமை முடிவதற்குள் கராஜுக்கு காஸ் அடுப்பு வந்தது. சிலிண்டர் வந்தது. பழைய மேசையும் ஒரு கதிரையும் வந்தன. கடைசியாக நான் வந்தேன்.

மெல்பேர்ன் குளிரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஜூலை மாதம் அந்தத் தகரத்துக்குள் நின்றால் தாச்சிக்கு முன்னால் முகம் வேகும், பின்னால் முதுகு விறைக்கும். இவரும் மகள் அஞ்சலாவும் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ரீவி பார்க்கிற வெளிச்சம் வீட்டு யன்னலில் தெரியும். நான் அங்கே நின்று அழுத நாட்கள் உண்டு. கேட்டால் வெங்காயம் என்று சொல்லிவிடலாம். அந்தக் குசினியில் இருந்த வசதி அது ஒன்றுதான்.

எனக்கு ஆசையென்று இருந்ததும் ஒன்றுதான். வீட்டுக்குள் நின்று மீன் பொரிக்க வேண்டும். "பழைய வீட்டை இடிச்சுப் புதுசு கட்டேக்க உமக்கு உள்ளுக்க ஒரு பெரிய குசினி கட்டித் தாறன்" என்று இவர் வாக்குத் தந்திருந்தார். அந்த ஒரு வாக்கில்தான் நான் இத்தனை குளிரையும் கழித்தேன்.

சில வருசங்களுக்கு முன் இவருடைய கொம்பனி இவருடைய வேலையை வேறு நாட்டுக்கு அனுப்பியது. இவரை அனுப்பவில்லை. கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சரி, இனி வீடு கட்டலாம் என்று நான் நினைத்தேன். இவர் வேறொன்று நினைத்தார். கோயிலில் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, "இப்ப என்ன செய்யிறியள்?" என்று நாலு பேர் கேட்பார்கள் அல்லவா? "வீட்டில சும்மா இருக்கிறன்" என்று சொல்ல இவருக்கு நா எழவில்லை. "மாஸ்டர்ஸ் செய்யிறன்" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துதான் என்ன மாஸ்டர்ஸ் என்று தேடினார்.

கொம்பியூட்டர் படிப்பென்றால் கோயில் வாசலிலேயே பாதிப் பேர் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். கணக்கியலென்றால் மீதிப் பேர் கேட்பார்கள். ஆகவே ஒருவருக்கும் தெரியாத ஒன்றை எடுத்தார். மரபுரிமைப் பாதுகாப்பு. பழைய கட்டிடங்களை எப்படிக் காப்பாற்றுவது என்கிற படிப்பு. பல்கலைக்கழகத்துக்குப் போகவே வேண்டாம், எல்லாம் ஒன்லைனில்.

இவர் எதையாவது காப்பாற்றியதை நான் கண்டதில்லை. எங்கள் குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கியபோது அஞ்சலா பள்ளிக்கூடத்தில் படித்தாள். அவள் படித்து முடித்து, சிட்னியில் வேலை எடுத்து, ஹோம்புஷில் குடியேறியும் விட்டாள். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் கலியாண அல்பத்தை இவர்தான் கராஜ் மூலையில் வைத்தார். மழைத் தண்ணீர் குடித்து, இப்போது அதில் மாப்பிள்ளை இருக்கிறார், பொம்பிளை இல்லை. அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு பாதுகாப்புப் படித்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படிப்பின் முதற் பாடம், ஒரு பழைய இடத்தில் தேவையான அளவுக்குத்தான் கை வைக்க வேண்டும், முடிந்தவரை குறைவாகச் செய்ய வேண்டும் என்பதாம். அதை எனக்கு ஏதோ புதுமை போலச் சொன்னார். கலியாணமான நாளிலிருந்து வீட்டு வேலையில் அதைத்தானே கடைப்பிடிக்கிறார்!

ஒவ்வொரு கிழமையும் மற்ற மாணவர்கள் எழுதியதைப் பாராட்டி இரண்டு பதில் போட வேண்டுமாம், அதற்கும் புள்ளி உண்டாம். பேர்த் நகரத்தில் ஒருத்தி ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். "உங்கள் தண்ணீர்த் தொட்டி என்னை ஆழமாகச் சிந்திக்க வைத்தது" என்று இவர் பதில் எழுதினார். எனக்கு வாசித்தும் காட்டினார். நான் வைத்த எந்தக் குழம்பைப் பற்றியும் இவர் வாயிலிருந்து அப்படி ஒரு வரி வந்ததில்லை.

இதற்கிடையில் நான் விடாமல் நச்சரித்து, நாகராஜன் என்ற பில்டரைப் பிடித்தேன். திருநெல்வேலிக்காரர், பேச்சுக்குப் பேச்சு மேடம் போடுகிறவர். புது வீட்டைப் பின்பக்கமாக நீட்டி, சரியாகக் கராஜ் நிற்கிற இடத்தில் புதுக் குசினி வருகிற மாதிரி வரைந்து கொண்டுவந்தார். அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சிக் கூரைக்கு வெளியே தள்ளுகிற பெரிய குழாய். வரைபடத்தில் அடுப்பு இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். பேப்பர்தான், ஆனாலும் சூடாக இருந்தது போல எனக்குப் பட்டது.

அப்போது இவருக்குக் கடைசி ஆய்வுக்கட்டுரை. ஒவ்வொரு மாணவரும் ஒரு பழைய இடத்தைத் தெரிந்தெடுத்து, அது ஏன் முக்கியமானது என்று எழுத வேண்டும். ஒருவர் கலங்கரை விளக்கம் எடுத்தார், ஒருவர் கம்பளிக் கிட்டங்கி எடுத்தார். இவர் ஒன்றும் எடுக்காமல் இருந்துவிட்டு, கெடு கழுத்துக்கு வந்தபோது யன்னலால் வெளியே பார்த்தார். நான் கராஜில் கட்டாக் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு என்னை இப்படி உற்றுப் பார்க்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அவர் பார்த்தது கராஜை.

கமராவோடும் அளவு நாடாவோடும் ஓடி வந்தார்.

"இஞ்சேரும், அந்தச் சுவரில கிடக்கிற கரியைத் துடைச்சுப் போடாதேயும்!"

"நான் இன்னும் தலைகூட வாரி இழுக்கேல்லை" என்றேன், கமராவைப் பார்த்து.

"அதுக்கென்ன. நீர் கொஞ்சம் அங்கால தள்ளி நில்லும். மறைக்கிறீர்."

தள்ளி நின்றேன். அடுப்பைப் படம் எடுத்தார், கரியை எடுத்தார், எண்ணெய் சிந்திய சீமெந்து நிலத்தைப் படுத்திருந்து எடுத்தார். எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துத் தமிழில் விளக்கினார். இந்தக் கட்டிடம் புலம்பெயர்ந்த ஒரு சமூகத்தின் நினைவையும் நறுமணத்தையும் தாங்கி நிற்கிறதாம். குடும்பம் இங்கே கூடிச் சமைத்து, கடலோடு தனக்குள்ள உறவைப் புதுப்பித்துக்கொள்கிறதாம்.

"ஆர் கூடிறது?" என்று கேட்டேன்.

"அது ஒரு எழுத்து நடை. உமக்கு விளங்காது."

பிரோன்வின் என்ற பெண்தான் இவருக்குப் படிப்பிக்கிறவர். குடியேறி வந்தவர்களின் முக்கியமான கட்டிடங்களைத் தேடிப் பட்டியல் போடச் சொல்லி எங்கள் நகரக் கவுன்சில் அமர்த்தியிருந்ததும் அவரைத்தான். கட்டுரையை வாசித்து அவர் உருகிவிட்டார். வகுப்பிலேயே கூடிய புள்ளி கொடுத்தார். இந்த இடத்தைக் கவுன்சிலுக்குச் சிபாரிசு செய்யட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். இவர் ஓம் என்றுவிட்டார். அதை என்னிடம் சொல்ல மறந்துபோனாராம். புள்ளியைச் சொல்ல மறக்கவில்லை. அதைக் கோயில் வாசலில் கண்டவர் எல்லாருக்கும் சொன்னார், சுவாமியாருக்கு இரண்டு தரம் சொன்னார்.

பிறகு ஒருநாள் நாகராஜன் போன் எடுத்தார்.

"மேடம், ஒரு சின்னப் பிரச்சனை. இடிக்கிறதுக்கு அனுமதி கேட்டிருந்தோம்ல? வீட்டை இடிச்சுக்கலாமாம். பின்னாடி இருக்கிற தகர ஷெட்டைத் தொடக் கூடாதாம்."

"எந்த ஷெட்?"

"அதான் மேடம், நீங்க மீன் பொரிப்பீங்களே, அது. அதுக்கு ஏதோ ஹெரிடேஜ் மதிப்பு இருக்குதாம், பரிசீலனை முடியுற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க. நான் இந்த ஊர்ல எவ்வளவோ வீடு இடிச்சிருக்கேன். பெரிய பெரிய பங்களாவுக்கே இப்படித் தடை வந்ததில்ல மேடம்."

அந்தக் காஸ் அடுப்புக்கு அனுமதி இல்லை, கைகழுவுகிற தொட்டிக்கும் இல்லை. தண்ணீர் நேரே எலுமிச்சை மரத்துக்குப் போனது. கவுன்சில்காரர் கண்டால் உடைக்கச் சொல்வார்கள் என்று பதினெட்டு வருசம் பயந்து பயந்து சமைத்தேன். இப்போது உடைக்கலாம் என்று நானே நிற்கும்போது, அதே கவுன்சில் உடைக்காதே என்கிறது.

இவரிடம் போய் நின்றேன். முகத்தில் பாதி பயம், பாதி பெருமை.

"இது சின்ன விசயமில்லை, பாரும். நாங்கள் சரித்திரத்துக்குள்ள போறம்."

"சரித்திரத்துக்குள்ள நீங்கள் போங்கோ. நான் குசினிக்குள்ள போகவேணும். எழுதினதைத் திருப்பி எடுங்கோ."

"எப்பிடி எடுக்கிறது? புள்ளி வந்திட்டுது. சுவாமியார் பிரசங்கத்தில வேற சொல்லிப்போட்டார்."

நாகராஜன் தன்னால் முடிந்ததைச் செய்தார். கராஜை நடுவில் அப்படியே விட்டு, சுற்றிவரக் கண்ணாடி போட்டு, அதைச் சுற்றி வீடு கட்டுகிற மாதிரி ஒரு புது வரைபடம் கொண்டுவந்தார். "மியூசியம் மாதிரி இருக்கும் மேடம். வர்றவங்க சோபாவுல உக்காந்து பாக்கலாம்" என்றார். எனக்கு என்னை அந்தக் கண்ணாடிக்குள் தாச்சியோடு கண்டது போல இருந்தது.

பிரோன்வின் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முதல் கிழமை இவர் மகளைப் பார்க்க ஹோம்புஷுக்குப் போனார். அங்கேயும் பெருமை பேசியிருப்பார் போல, அஞ்சலா எனக்கு போன் எடுத்தாள்.

"அம்மா, திஸ் இஸ் கிரேஸி. அங்க குக் பண்ணினது நீங்க. அப்பாவிண்ட எஸ்ஸேல உங்கட நேமே இல்லை."

"அது எழுத்து நடையாம், பிள்ளை."

"ஜஸ்ட் டெல் தெம், அம்மா. ப்ளீஸ்."

நான் யாரிடம் என்னத்தைச் சொல்வது? போனை வைத்துவிட்டுக் கராஜுக்குள் போனேன். படிப்பிக்கிற ஒரு பெண் வரப்போகிறாள். அவள் வந்து நிற்கப்போகிற இடத்தில் தகரம் முழுக்கக் கரி, அடுப்பைச் சுற்றிப் பிசுபிசுவென்று எண்ணெய். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் நாங்கள் என்ன செய்வோம்? சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தேன். கம்பி நாரால் உரஞ்சினேன். கரி உருகி ஒழுகியது. பிறகு வெள்ளைப் பெயின்ற் வாங்கி இரண்டு தரம் அடித்தேன். மேசைக்குப் பூப்போட்ட புதுப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டேன். மடு மாதா படத்தைத் துடைத்து, புதுப் பூ வைத்தேன். கை வலித்தாலும் மனம் நிறைந்திருந்தது. அவ்வளவு வருசத்தில் அந்த இடம் அன்றைக்குத்தான் மனிசர் நிற்கிற இடம் மாதிரி இருந்தது.

பிரோன்வின் வருகிற காலையில்தான் இவர் வந்து இறங்கினார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே கராஜுக்குப் போனார். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன்.

"என்ன வேலை செய்தனீர்! ஐயோ, அந்தக் கரியில நான் பத்துப் பக்கம் எழுதினனான்!"

"ஆள் வருகுதெண்டு துப்புரவாக்கினனான்."

"வேணுமெண்டுதான் செய்தனீர்! ஆதாரத்தை அழிச்சுப்போட்டீர்!"

மடு மாதா அறிய, வேண்டுமென்று செய்யவில்லை. அந்த மூளை எனக்கு இருந்திருந்தால் நானே மாஸ்டர்ஸ் படித்திருப்பேன். ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. கரி இல்லையென்றால் சரித்திரம் இல்லை. சரித்திரம் இல்லையென்றால் குசினி. உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது.

பிரோன்வின் மெல்லிய, நீண்ட பெண். கழுத்தில் பெரிய மரமணி மாலை. கராஜ் வாசலில் நின்று பெயின்ற் மணத்தை உறிஞ்சியதும் முகம் விழுந்துவிட்டது. இவர் பராமரிப்பு, அது இதென்று இங்கிலீஷில் தடுமாறினார்.

"ஏன் பெயின்ற் அடித்தீர்கள்?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள் வருகிறீர்கள் என்று" என்றேன்.

அவ்வளவுதான். விழுந்த முகம் எழுந்து மலர்ந்தது. "எனக்காகவா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, விருந்தினரை எதிர்பார்த்து இடத்தைத் தூய்மையாக்குவதும் இந்த இடத்தோடு ஒட்டிய வழக்கம்தான், கரியை விட இதுதான் உயிருள்ள மரபு என்று வாயால் சொல்லிச் சொல்லி எழுதத் தொடங்கினார். எனக்குத் தலை சுற்றியது. துடைக்காவிட்டால் கரி சரித்திரம், துடைத்தால் துடைத்தது சரித்திரம். நான் என்ன செய்தாலும் அந்தத் தகரத்தின் மதிப்புத்தான் ஏறியது.

இவர் உயிர் வந்து நிமிர்ந்தார். பிரோன்வின் இவர் பக்கம் திரும்பி, "குடும்பம் இங்கே கூடிச் சமைக்கும் என்று அழகாக எழுதியிருந்தீர்கள். வழக்கமாகச் செய்கிற மாதிரி எனக்குச் செய்து காட்டுகிறீர்களா?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். "இஞ்சேரும், நீர் ஒருக்கா..."

நான் கதிரையில் இருந்தேன். மடியில் கையை வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. மகள் சொன்னது காதில் நின்றிருக்க வேண்டும்.

இவர் அடுப்படிக்குப் போனார். லைற்றரைத் தட்டினார், தட்டினார், சிலிண்டர் பூட்டியிருந்தது. அதைத் திறப்பது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கருவாடு எந்தத் தகரப் பேணியில் என்று தெரியவில்லை. பிரோன்வின் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக என்னிடம் வந்து, நிலத்தில் குந்தி, என் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துக் கேட்டார்.

"இங்கே சமைப்பது யார்?"

"நான்."

"வேறு யார்?"

"ஒருவரும் இல்லை."

"இந்த இடம் உங்களுக்கு என்ன மாதிரியான உணர்வைத் தருகிறது?"

என் இங்கிலீஷ் கடைக்குப் போகிற இங்கிலீஷ். அதில் இருந்ததை வைத்துச் சொன்னேன். "குளிர். இங்கே குளிர். என் கணவரின் கோட்டு மீன் மணக்கிறது என்று என்னை இங்கே விட்டார்கள். அவர்கள் உள்ளே இருந்தார்கள். நான் சமைத்துச் சமைத்து உள்ளே அனுப்பினேன். நான் சாப்பிட உள்ளே போகும்போது என் சாப்பாடு ஆறியிருக்கும். இதுதான் எனக்கு இந்த இடம்."

பிறர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். கையில் வெங்காயமும் இல்லை. பிரோன்வின் எழுதுவதை நிறுத்தியிருந்தார். இவர் பேணியோடு அப்படியே நின்றார்.

"ஒரு சமூகத்துக்கு அந்த இடத்தில் பற்று இருந்தால்தான் நாங்கள் அதைக் காப்பாற்றலாம். நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று பிரோன்வின் கேட்டார்.

"இடியுங்கள்" என்றேன்.

அந்தப் பெண் நல்லவர். படிப்பு அப்படி ஆக்கியிருந்ததே தவிர, மனம் நல்லது. படங்கள் எடுத்து ஆவணமாக வைத்தால் போதும், கட்டிடத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று எழுதிக்கொடுத்தார். கவுன்சிலும் கையை விட்டது. இவர் சில நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். பிறகு கட்டுரையின் முடிவை மாற்றி, ஒரு சமூகம் தன் மரபை எப்படித் தானே இழக்கிறது என்று துக்கமாக எழுதி மறுபடி பிரோன்வினுக்கே அனுப்பினார். அதற்கும் நல்ல பெயர் கிடைத்தது. தொப்பியும் நீள உடுப்பும் போட்டுப் பட்டம் வாங்கினார்.

நாகராஜனின் ஆட்கள் வந்து கராஜை ஒரு தள்ளில் சாய்த்தார்கள். மனம் வருந்துமோ என்று நின்று பார்த்தேன். வருந்தவில்லை.

வீடு முடிந்து கதவுத் திறப்பு எங்கள் கைக்கு வந்த அன்று நான் நேரே குசினிக்குத்தான் போனேன். வீட்டின் நடுவில், வெளிச்சமாக, வழவழவென்று கல் மேசையோடு நின்றது. அடுப்பைத் தொட்டேன், மேலே உறிஞ்சு குழாயைப் பார்த்தேன், அழுகை வந்தது, அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் கதவைத் திறந்தேன். வெளியே, சுவரோடு ஒட்டி, மூன்று பக்கமும் திறந்தபடி ஒரு கூரை. அதன் கீழே ஒரு கல் மேசை, கைகழுவுகிற தொட்டி, காஸ் அடுப்பு.

"இதென்ன?" என்று கேட்டேன்.

நாகராஜன் தலையைச் சொறிந்தார். "சார் தனியாச் சொன்னாரு மேடம். உங்களுக்கு சர்ப்ரைஸ்னு."

இவர் சிரித்துக்கொண்டு முன்னால் வந்தார். "புது வீடு பாரும். சுவர் எல்லாம் வெள்ளை, மணம் ஊறினா போகாது. அதுதான் உமக்கெண்டு வெளியில ஒண்டு. முந்தின மாதிரித் தகரம் இல்லை, நல்ல கூரை போடச் சொன்னனான். கவுன்சில் கொண்டிசன் எல்லாம் வடிவாப் பார்த்துக் கட்டுவிச்சது."

கள்ளத்தனம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். நான் நன்றி சொல்வேன் என்று உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

புது வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை ஜூலைக் குளிரில் வந்தது. டண்டினோங் சந்தையில் நல்ல மீன் கிடந்தது, வாங்கவில்லை. கட்டாக் கருவாட்டை எடுத்துக் கழுவி, வெட்டி, மிளகாய்த்தூள் பிரட்டினேன். உள்ளே, நடுக் குசினியில், தாச்சியை வைத்தேன். எண்ணெய் கொதித்தது. உறிஞ்சு குழாயின் பட்டனில் விரலை வைத்தேன். பிறகு விரலை எடுத்துவிட்டேன்.

முதல் துண்டு விழுந்ததும் மணம் எழுந்தது. வரவேற்பறைக்குப் போனது, புதுச் சோபாவில் ஏறியது, படியேறி மேலே, சட்டம் போட்டு மாட்டியிருந்த பட்டத்தைக் கடந்து இவருடைய படிப்பறைக்குள் போனது. மேலே கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. இவர் தடதடவென்று இறங்கி வந்தார்.

"என்ன செய்யிறீர்? வெளியில கட்டித் தந்தது என்னத்துக்கு? ஐயோ, நடையில என்ர கோட்டுக் கிடக்கு! நாளைக்குப் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போடவேணும்!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "மணக்குமெண்டா கோட்டைக் கொண்டுபோய் வெளியில கொளுவுங்கோ" என்றேன்.

"வெளியிலயோ? இந்தக் குளிருக்குள்ளயோ?"

"நல்ல கூரை போட்டிருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

இவர் நடைக்குப் போனார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தக் கல் மேசைக்கு மேலே ஒரு கொளுக்கியைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டு, காற்றில் அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். மணப்பது கோட்டு என்றால் கோட்டைத்தானே வெளியே விட்டிருக்க வேண்டும்? பதினெட்டு வருசமாக இது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

யன்னலைத் தட்டி, "வாங்கோ, ஆறப் போகுது" என்று கூப்பிட்டேன். கையை உரஞ்சிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் முதலில் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, சுடச்சுட இரண்டு துண்டுக் கருவாட்டை எடுத்து வைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.